விழுந்துகொண்டே நிற்கும் வண்டி

ராத்திரி பதினொன்றரை மணி. லேப்ல நான், ஆறிப்போன ஒரு காபி, அப்புறம் 'டாஸ்மாக்'.

பதறாதீங்க. இது ஜெர்மனி. டாஸ்மாக்ங்கறது எங்க ரோபோவோட பேரு. ரெண்டே ரெண்டு சக்கரம், மேல ஒரு முழ உயரத்துக்கு அலுமினியச் சட்டம், உச்சியில பேட்டரி. கண்ட்ரோல் பாடத்துக்கான செமஸ்டர் ப்ராஜெக்ட். தானா நிமிர்ந்து நிக்கணும், அவ்வளவுதான் அதோட வேலை. மூணு வாரமா நிக்கல. முன்னால ரெண்டடி, பின்னால ஓரடின்னு தள்ளாடிக்கிட்டே போய் கடைசியில சுவத்துல முட்டிக் குப்புற விழும். பேரு எப்படி வந்துச்சுன்னு புரிஞ்சிருக்குமே :-)

அன்னைக்கு அத்தை வாட்ஸப்ல கூப்பிட்டாங்க. ஊர்ல அப்ப விடியக்காலை நாலு மணி. அவங்க எப்பவுமே அந்நேரத்துக்கு எழுந்திருச்சிடுவாங்க. கேமராவுல டாஸ்மாக் தெரிஞ்சிருக்கு.

"என்னடா அது, பொம்மையா?"

"இல்ல அத்தை, ரெண்டு சக்கரத்துல தானா நிக்கிற வண்டி."

"நிக்குதா?"

"இன்னும் இல்ல."

"விடு. நானும் அம்பது வருஷமா அதைத்தான் முயற்சி பண்ணிக்கிட்டு இருக்கேன்"னு சொல்லிட்டு அவங்களே சிரிச்சாங்க.

எனக்குத்தான் சிரிப்பு வரல.

*

அத்தைக்கு மூணு வயசுல இளம்பிள்ளை வாதம். ரெண்டு காலும் போச்சு. கொஞ்ச வருஷம் இரும்பும் தோலுமா காலிப்பர் மாட்டிக்கிட்டு, கட்டையைப் பிடிச்சு நடந்தாங்க. அப்புறம் கையால சுத்துற மூணு சக்கர வண்டி. 90-கள்ல மாற்றுத்திறனாளிகளுக்குக் கொடுத்த எஸ்.டி.டி. பூத் ஒண்ணு அவங்களுக்கும் கிடைச்சது. விருதுநகர் பக்கம் எங்க ஊர் பஸ் ஸ்டாண்டுல வச்சிருந்தாங்க. செல்போன் வந்து பூத்தையெல்லாம் முழுங்கினதும் அதுவே ஜெராக்ஸ் கடையாச்சு. நான் இங்க வர்றதுக்கு ப்ளாக்டு அக்கவுன்ட்ல காட்டின பணத்துல பாதிக்கு மேல அந்த ஜெராக்ஸ் கடைப் பணம்.

அந்தப் பூத்துல ஒரு விஷயம் உண்டு. தாத்தா அத்தையோட நாற்காலிக்கு அடியில பலகையடிச்சு ஒரு மேடை போட்டிருந்தார். முக்காலடி உயரம் இருக்கும். அதுல உக்காந்தா, வெளிய நின்னு பில்லுக்குக் காசு கொடுக்கிறவரோட கண்ணும் அத்தையோட கண்ணும் ஒரே மட்டத்துல இருக்கும். சின்னப் பையனா இருந்தப்ப அந்த மேடைக்கு அடியிலதான் என் செருப்பு, பை எல்லாம் கிடக்கும். அது எதுக்குன்னு அப்ப யோசிச்சதே இல்ல.

ப்ராஜெக்டுக்காகப் படிக்க ஆரம்பிச்சப்பதான் அந்தப் பலகை ஞாபகம் வந்தது. சரி, கதைக்கு வர்றேன்.

*

இந்தத் 'தானா நிக்கிற வண்டி'ன்னாலே எல்லாருக்கும் ஞாபகம் வர்றது செக்வே. ரெண்டு சக்கரம், நடுவுல ஒரு கைப்பிடிக் கம்பம். முன்னால சாஞ்சா போகும், பின்னால சாஞ்சா நிக்கும். 2001 டிசம்பர் 3-ஆம் தேதி அமெரிக்க டிவியில ஒரு காலை நிகழ்ச்சியில டீன் கேமன் அதை அறிமுகப்படுத்தினார். அதுக்கு முன்னால கிட்டத்தட்ட ஒரு வருஷம் 'இது என்ன'ன்னே தெரியாம உலகமே மண்டையை உடைச்சுக்கிட்டு இருந்துச்சு. வாரத்துக்குப் பத்தாயிரம் வண்டி விக்கும்னு எதிர்பார்த்தாங்க.

ஆனா செக்வே மூத்த பிள்ளை இல்லீங்க. அது தம்பி. அண்ணன் ஒரு சக்கர நாற்காலி!

கேமன் ஒரு தடவை சக்கர நாற்காலியில வந்த ஒருத்தர் நடைபாதை விளிம்புல ஏற முடியாம தவிக்கிறதைப் பார்த்தாராம். பிரச்சனை நாற்காலி இல்ல, உலகமே நிக்கிறவங்களுக்காகக் கட்டியிருக்கிறதுதான்னு அவருக்குத் தோணியிருக்கு. அதுல பிறந்ததுதான் ஐபாட் (பாட்டு கேக்குற பெட்டி இல்ல, இது வேற ஐபாட்). ஒவ்வொரு பக்கமும் ரெண்டு பெரிய சக்கரம், ஒண்ணை ஒண்ணு சுத்தி வர்ற மாதிரி. அப்படிச் சுத்திச் சுத்தியே படிக்கட்டு ஏறும். அந்த ஆட்டத்தைப் பார்த்து, ஹாலிவுட் நடனக்காரர் ஃப்ரெட் அஸ்டேர் ஞாபகமா அதுக்கு 'ஃப்ரெட்'னு செல்லப் பேரு. பின்னால வந்த செக்வேக்கு, அவரோட ஜோடியா ஆடின ஜிஞ்சர் ராஜர்ஸ் ஞாபகமா 'ஜிஞ்சர்'.

ஃப்ரெடோட பெரிய வித்தை படி ஏறுறது இல்ல. ரெண்டு சக்கரத்தை அப்படியே தூக்கி மத்த ரெண்டு சக்கரத்துக்கு மேல நிறுத்திக்கும். அதுல உக்காந்திருக்கிறவர் நிக்கிற ஆளோட கண் மட்டத்துக்கு உயர்ந்திடுவார். கீழ ரெண்டே சக்கரம். லேசா தள்ளினாலும் கொஞ்சம் பின்னால போய்ச் சமாளிச்சு மறுபடி நிக்கும்.

இதைப் படிச்சதும் புத்தகத்தை மூடி வச்சுட்டேன். தாத்தாவோட முக்காலடி மேடை! அதுக்குச் சக்கரம் வச்சிருக்கான் மனுஷன்.

*

'ஏன்யா, நாலு சக்கரத்துலயே உயர்த்திட்டுப் போக வேண்டியதுதானே, எதுக்கு இந்த சர்க்கஸ்?'னு கேப்பீங்க. நானும் கேட்டேன். பாரம் மேல போகப் போக அடி அகலமா இருக்கணும், இல்லேன்னா ஒரு சின்னக் கல்லுல ஏறினாலே கவுந்திடும். அடியை அகலமாக்கினா வாசல் நிலைக்குள்ள நுழையாது. உயரமும் வேணும், ஒடுக்கமாவும் இருக்கணும்னா ஒரே வழி, விழ விழத் தானே சமாளிச்சுக்கணும்.

நம்ம ஊர்ல அரசு கொடுக்கிற, பக்கத்துல ரெண்டு சக்கரம் சேர்த்த ஸ்கூட்டர் பார்த்திருப்பீங்க. அத்தைகிட்டயும் ஒண்ணு இருக்கு. அது இன்னொரு வழி: நிக்க முடியலையா, இன்னும் ரெண்டு சக்கரம் போடு! ரோட்டுக்கு அதுதான் சரி. விலையும் கம்மி, ரிப்பேரும் சுலபம். ஆனா பேங்க் கவுன்டர் முன்னால அது உதவாது.

தானா நிக்கிறது எப்படின்னு ஒரே வரியில சொல்லணும்னா, ஒட்டடைக் கம்பை உள்ளங்கையில நிறுத்துறது. கம்பு எந்தப் பக்கம் சாயுதோ அந்தப் பக்கம் கையைக் கொண்டுபோறோம். (பென்சிலை அப்படி நிறுத்த முடியாது. நீளமானது மெதுவா விழும், நமக்கு நேரம் கொடுக்கும்.) நம்ம ஊர்க் கரகாட்டம் பார்த்தவங்களுக்கு இதைச் சொல்லவே வேணாம். கரகம் அசையாம இருக்கிற மாதிரி தெரியும், கழுத்து ஒரு நொடி சும்மா இருக்காது. அதே மாதிரி இந்த வண்டி எதுவுமே ஒரு நொடிகூட நிக்கிறதில்ல. விழுந்துக்கிட்டே இருக்கு, விழறதுக்குள்ள பிடிச்சுக்கிட்டே இருக்கு.

அதுக்கு எவ்வளவு சாஞ்சிருக்குன்னு வண்டிக்குத் தெரியணும். ரெண்டு சாட்சிகள். ஜைரோ எவ்வளவு வேகமா சாயுதுன்னு சொல்லும். அதைக் கூட்டிக் கூட்டிக் கோணம் கண்டுபிடிக்கணும். சின்னச் சின்னப் பிழை சேர்ந்து கொஞ்ச நேரத்துல நேரா நிக்கிறதையே சாஞ்சிருக்குன்னு சாதிக்கும். இன்னொண்ணு முடுக்கமானி. கீழ எந்தப் பக்கம்னு சொல்லும், ஆனா மோட்டார் அதிர்ந்தா உளறும். ஒருத்தன் நிதானமா பொய் சொல்றவன், இன்னொருத்தன் படபடன்னு உளர்றவன். ரெண்டு பேர் சாட்சியையும் கலந்து நொடிக்கு நூறு, இருநூறு தடவை தீர்ப்பு சொல்லணும். இதுதான் மொத்த ரகசியமும்.

இது கேமன் மூளையில மட்டும் உதிச்சதுன்னும் சொல்ல முடியாது. ஜப்பான்ல கஸுவோ யமஃபுஜி 1980-கள்லயே ரெண்டு சக்கர ரோபோவை நிக்க வச்சிருக்கார். சுவிட்சர்லாந்துல லோசான் ஆய்வாளர்கள் 'ஜோ'ன்னு ஒண்ணு செஞ்சு 2002-ல கட்டுரை வெளியிட்டாங்க. அதுதான் என் பாடப்புத்தகத்துக்குப் பாட்டன். ஆனா மனுஷனை நம்பி மேல ஏத்துற அளவுக்குக் கொண்டு வந்தது கேமன் குழு. ஒரு செக்வேக்குள்ள 5 ஜைரோ. ஒண்ணு செத்தா இன்னொண்ணு காப்பாத்தணும்ல.

*

இனி நடந்ததுதான் எனக்கு வயித்தெரிச்சல்.

ஐபாட் நாற்காலிக்கு 2003-ல அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அனுமதி கொடுத்தது. விலை சுமார் 26,000 டாலர். அவ்வளவு காசு யார்கிட்ட இருக்கு? காப்பீடு கொடுக்கணும். 2006-ல அங்க அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் ஒரு முடிவு சொல்லிச்சு. சாதாரண சக்கர நாற்காலி மாதிரி ஓடுற பகுதிக்குச் சரி. படி ஏறுறது, ரெண்டு சக்கரத்துல உயர்ந்து நிக்கிறது எல்லாம் மருத்துவத் தேவை இல்ல.

ஒரு மனுஷன் இன்னொரு மனுஷனைக் கண்ணுக்கு நேரா பார்க்கிறது மருத்துவத் தேவை இல்லையாம். சட்டப்படி யோசிச்சா அது சரியாக்கூட இருக்கலாம். என்ன வியாதி அதுக்கு? 2009-ல விற்பனையை நிறுத்திட்டாங்க.

தம்பி கதையும் பெருசா ஒண்ணும் விளங்கல. 5,000 டாலர் கொடுத்து யார் வாங்குவா? வண்டியும் கிட்டத்தட்ட 40 கிலோ. நடைபாதையில போனா நடக்கிறவங்க திட்டுவாங்க, ரோட்டுல போனா கார்க்காரங்க திட்டுவாங்க. சான் பிரான்சிஸ்கோ நகரம், விற்பனை சூடு பிடிக்கிறதுக்கு முன்னாலயே நடைபாதையில தடை போட்டிருச்சு. 2003 ஜூன்ல அதிபர் புஷ் ஏறி விழுந்தார், போட்டோ உலகமெல்லாம் போச்சு. அதே வருஷம் செப்டம்பர்ல, பேட்டரி இறங்கினா ஆளை விழத்தாட்டுதுன்னு வித்த வண்டி எல்லாத்தையும் திரும்பக் கூப்பிட்டாங்க. அப்பதான் ஊருக்கே தெரிஞ்சது, மொத்தம் வித்ததே சுமார் ஆறாயிரம்தான்னு! 2010-ல கம்பெனியை வாங்கியிருந்த ஜிமி ஹெசல்டன் இங்கிலாந்துல செக்வேயில போறப்ப மேட்டுலேர்ந்து விழுந்து இறந்துட்டார். (நிறைய பேர் 'கண்டுபிடிச்சவரே செத்துட்டார்'னு எழுதுறாங்க. தப்பு. அவர் முதலாளி. கேமன் இல்ல.) 2015-ல சீனாவோட நைன்பாட் கம்பெனி செக்வேயை வாங்குச்சு. 2020 ஜூலையில அந்தக் கைப்பிடி வண்டி தயாரிப்பே நின்னுபோச்சு. கிட்டத்தட்ட இருபது வருஷத்துல மொத்தமா சுமார் 1,40,000.

இதுக்கு நடுவுல செல்போன் ஒரு வேலை பண்ணுச்சு. 2010-ல ஐபோன் 4-க்குள்ள ஜைரோ வந்தது. அப்புறம் எல்லா போனுக்குள்ளயும். கோடிக்கணக்குல செஞ்சதுல ஜைரோ விலை சல்லிசாச்சு. டாஸ்மாக் உள்ள இருக்கிறது நம்ம காசுல சில நூறு ரூபாய்தான். லித்தியம் பேட்டரியும் சக்கரத்துக்குள்ளயே இருக்கிற மோட்டாரும் அதே மாதிரி மலிவாச்சு. விளைவு, 2013-ல ஷேன் சென்னோட ஹோவர்ட்ராக்ஸ். கைப்பிடியே கிடையாது. நடுவுல திருகுற ரெண்டு பலகை, ஒவ்வொரு காலுக்கும் தனித்தனி ஜைரோ. 2015-ல ஷென்சென் பக்கம் தொழிற்சாலைகள் அதைக் காப்பியடிச்சுத் தள்ளி, 'ஹோவர்போர்டு'ன்னு சில நூறு டாலருக்கு உலகம் பூரா போச்சு. மட்டமான பேட்டரி வெடிச்சுத் தீப்பிடிச்சு, 2016 ஜூலையில அமெரிக்காவில மட்டும் 5 லட்சத்துக்கு மேல திரும்பப் பெற்றாங்க.

எங்க ஹாஸ்டல்ல ஒரு பய பழைய ஹோவர்போர்டு ஒண்ணு வாங்கினான். இங்க ரோட்டுல ஓட்டக் கூடாது. 2019-ல வந்த சட்டப்படி பிடிச்சுக்கக் கம்பம் இருக்கணும். அதனால பேஸ்மென்ட் நடையில ஓட்டினோம். 'நான் கண்ட்ரோல் இன்ஜினியர்டா'ன்னு ஏறினேன். ரெண்டே நொடி. முழங்கை இன்னும் வலிக்குது.

அந்தச் சட்டத்துல ஒரு சுவாரசியம். சாதாரண மின்சார ஸ்கூட்டர்னா 500 வாட்தான் அனுமதி. தானா நிக்கிற வண்டின்னா 1,400 வாட் வரை போகலாம், ஆனா அதுல குறைஞ்சது 60 சதவீதம் நிக்கிறதுக்கே செலவாகணும்! எங்கயும் போகாம, சும்மா நிமிர்ந்து நிக்கிறதுக்கே பாதிக்கு மேல சக்தி. அத்தை காலிப்பர் போட்டுக்கிட்டு நடந்த கதையைக் கேட்டவனுக்கு இது புதுசு இல்ல.

இன்னொரு கூத்து, இதுக்கு முன்னால 2009-ல செக்வேக்காக இங்க போட்ட விதியோட பேரு 'நடமாட்ட உதவி வாகன விதி'. பேரைக் கேட்டா யாருக்கு உதவுற வண்டின்னு நினைப்பீங்க? கைகால் நல்லா இருக்கிற சுற்றுலாக்காரங்க வரிசையா ஹெல்மெட் போட்டுக்கிட்டு போனாங்க.

நடக்க முடியாதவருக்காகப் பிறந்த வித்தை, நடக்கச் சோம்பல்படறவங்ககிட்ட போச்சு, அப்புறம் பசங்களோட பொம்மையாச்சு. ஆனா ஒண்ணு, பொம்மையானதாலதான் விலை இறங்குச்சு. அதையும் சொல்லணும்ல. திரும்பி வந்தவங்களும் உண்டு. விபத்துல கால் போன பாவ்லோ படானோங்கற இத்தாலிக்காரர் செக்வே மேலயே இருக்கை பொருத்தி 'ஜென்னி'ன்னு நாற்காலி செஞ்சார். சூரிக்ல மாணவர்கள் ப்ராஜெக்டா ஆரம்பிச்சது, ரெண்டு சக்கரத்துல நின்னுக்கிட்டு படியும் ஏறுற நாற்காலியாகி 2017-ல கம்பெனியாவே ஆச்சு. ஐபாடும் 2019-ல வேற நிறுவனம் மூலமா மறுபடி வந்தது. எதுவும் இன்னும் எங்க அத்தை கடை வருமானத்துக்குப் பக்கத்துல வரல.

*

இதையெல்லாம் அத்தைகிட்ட ஒரு ஞாயித்துக்கிழமை உற்சாகமா சொன்னேன். பொறுமையா கேட்டாங்க.

"அதுல உக்காந்து நம்ம பேங்க் படி ஏறிடலாமா?"

"ஏறலாம் அத்தை."

"எவ்வளவு?"

"நம்ம காசுக்கு இருபது லட்சத்துக்கு மேல."

"ஏன்டா, அதுக்கு அந்தப் பேங்க்காரன் ஒரு சாய்தளம் கட்டினா பத்தாதா? நானூறு செங்கலும் நாலு மூட்டை சிமெண்டும்!"

வாயடைச்சுப் போயிட்டேன். நாலு வருஷ இன்ஜினியரிங்கும் ஒரு வருஷ மாஸ்டர்ஸும் நானூறு செங்கல்ல காலி.

கொஞ்ச நேரம் கழிச்சு அவங்களே சொன்னாங்க: "ஆனா அந்த உயர்ந்து நிக்கிறது... அது நல்லாருக்குடா. கவுன்டருக்குப் போனா என் கணக்கைப் பத்தி என்கிட்ட கேக்க மாட்டான், கூட வந்த உங்கப்பாகிட்ட கேப்பான். பூத்துல இருந்தப்ப எவனும் அப்படிப் பேசினதில்ல."

ரெண்டு பேரும் அந்த மேடையைப் பத்திப் பேசல. ரெண்டு பேருக்கும் ஞாபகம் இருந்துச்சுன்னு நினைக்கிறேன்.

அப்புறம் பேச்சை மாத்துறதுக்காக, "உன் குடிகாரப் பய நிக்கிறானா?"ன்னாங்க.

"இல்ல அத்தை. நேரா நிறுத்தினாலும் ஒரே பக்கமா ஓடிப்போய் முட்டுறான்."

"நேரா நிறுத்தினா எப்படிடா நிப்பான்? காலிப்பர் போட்டு விட்டப்ப என்னையும் நேரா நில்லு, நேரா நில்லுன்னுதான் சொன்னாங்க. நேரா நின்னா விழுந்துருவேன். எனக்கு இடது பக்கம் கொஞ்சம் சாஞ்சாத்தான் நேரு."

போனை வச்சுட்டு அடுத்த பஸ்ஸைப் பிடிச்சு லேபுக்கு ஓடினேன்.

விஷயம் அதேதான். நான் 'நேரு'ன்னா பூஜ்ஜிய டிகிரின்னு நிரல்ல எழுதி வச்சிருந்தேன். பேட்டரி ஒரு விரல்கடை முன்னால தள்ளி இருக்கு, அதனால அதோட பாரம் சக்கரத்துக்கு நேர் மேல இல்ல. அதுக்கு நேருங்கறது பின்னால ஒன்றரை டிகிரி சாயறது. நான் நிமிர்த்த நிமிர்த்த அது முன்னால விழப்போய், விழாம இருக்கிறதுக்காக ஓடிக்கிட்டே இருந்திருக்கு. மூணு வாரமா நான்தான் அதைத் தள்ளிவிட்டிருக்கேன்!

ஒரு எண்ணை மாத்தினேன். நின்னுச்சு. ஒரு நிமிஷம், அஞ்சு நிமிஷம், பேட்டரி தீர்ற வரைக்கும்... லேசா நடுங்கிக்கிட்டே.

வீடியோ எடுத்து அனுப்பினேன். கொஞ்ச நேரத்துல வாய்ஸ் மெசேஜ் வந்தது: "எங்க, ஒரு தள்ளு தள்ளிப் பாரு!"

தள்ளினேன். அரையடி பின்னால போய், திரும்பி வந்து, நின்னுச்சு.

*

ஒரு விஷயம் பாக்கி. மாஸ்டர் தீஸிஸுக்கு ரெண்டு இடம் இருக்கு. ஒண்ணு பார்சல் கொண்டுபோற ரோபோ செய்யிற ஒரு கம்பெனி, மாசாமாசம் சம்பளம். இன்னொண்ணு எங்க துறையிலயே ஒரு பேராசிரியர்கிட்ட, ரெண்டு சக்கரத்துல உயர்ந்து நிக்கிற நாற்காலியோட கண்ட்ரோலர். சம்பளம் கிடையாது. அத்தைகிட்ட கேட்டா, "காசு வர்றதை எடுடா, கடனை முடி, நாற்காலி எங்கயும் போயிடாது"ன்னு சொல்லிட்டாங்க. நியாயம்தான். அது அவங்க காசும்கூட.

நேத்து ராத்திரி பேராசிரியருக்கு மெயில் போட்டுட்டேன். சனி ஞாயிறு குடோன்ல பெட்டி தூக்குற வேலைக்கும் சொல்லி வச்சிருக்கேன்.

டிஸ்கி: அத்தை ஜெராக்ஸ் எடுப்பாங்களே தவிர இன்டர்நெட்ல எதுவும் படிக்க மாட்டாங்க. அந்தத் தைரியத்துலதான் இதை எழுதியிருக்கேன். ஊர்க்காரங்க யாராச்சும் படிச்சா, தீஸிஸ் மேட்டரை மட்டும் தயவுசெஞ்சு அவங்ககிட்ட போட்டுக் கொடுத்திடாதீங்க. நானே சொல்லிக்கிறேன்... நாற்காலி நின்னதுக்கு அப்புறம் :-)